பிரம்பை எடுக்குமுன்

(ஜூபிலி விழாப் பெற்றோர் கூட்டத்தில் பள்ளி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் பள்ளியின் பெருமையைப் பேசும்படி எங்களைக் கேட்டார்கள். பெருமையைப் பிறர் பேசட்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக் கணக்கை எழுதி வரவில்லை. ஏன் என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். "முகத்தைப் பார்த்துப் பதில் சொல்" என்றோம். இன்னும் குனிந்தான். திமிர் என்று எண்ணி, மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். நான்காம் நாள் அவன் பாட்டி வந்தார். மீன் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, "டீச்சரம்மா, பெரியவங்க ஏசும்போது நிமிர்ந்து பாக்கக் கூடாதுன்னு நான்தானே சொல்லி வளர்த்தேன். தண்டனைய எனக்குக் குடுங்க" என்றார். எங்களுக்குப் பேச வாயில்லை. வீட்டில் எது மரியாதையோ, அதற்கே தண்டித்திருந்தோம்.

அதன் பிறகுதான் கடற்கரைத் தெருவுக்குப் போகத் தொடங்கினோம். பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை. எங்களில் பலர் அதற்குமுன் போனதே இல்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறோம். அங்கே அலை இரைச்சலில் உரக்கப் பேசினால்தான் காதில் விழும். அந்தக் குரலோடு வகுப்புக்கு வந்த சிறுமியை "அடக்கமில்லாதவள்" என்று எழுதி வைத்திருந்தோம். விடியற்காலையில் படகு கரையேறினால், வலையிலிருந்து மீன் பிரிக்க வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் வேண்டும். மணி அடித்த பின் ஓடி வந்தவனைச் சோம்பேறி என்றோம்; அவனோ எங்களுக்கு முன்பே எழுந்து வேலை பார்த்தவன். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது முடியும் முடியாததுமாகப் பள்ளி திறக்கிறது. சீருடையில்லாமல் வருகிற பிள்ளையை வெளியே நிறுத்துமுன் அந்த வீட்டு அடுப்பை நினைக்க வேண்டாமா?

வீட்டுப் பழக்கம் என்று வருவதையெல்லாம் ஏற்கிறோம் என்பதல்ல. கையில் சாதிக் கயிறு கட்டி வந்தால் அவிழ்க்கத்தான் சொல்வோம். 2023-இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024-இல் அளித்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது.

இன்னொரு பழக்கத்தையும் நாங்கள் ஒப்பவில்லை, கோபிக்க வேண்டாம். "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க டீச்சர்" என்று உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடியையும் மனத் துன்பத்தையும் தடை செய்தது. அச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எங்கள் ஓய்வறையிலேயே சிலர் மகிழ்ந்தார்கள். சட்டம் பொருந்தாவிட்டால் பிரம்பு பொருந்திவிடுமா? டூரின் நகரில் தொன் போஸ்கோ, மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்த சிறுவர்களை அவர்கள் வேலை செய்த இடத்துக்கே போய்த் தேடினார். தண்டிப்பதைவிடத் தவறு நேராமல் காப்பதே மேல் என்னும் தம் முறையை 1877-இல் எழுதியும் வைத்தார். அவர் பெயரை விழாவில் சொல்கிற நாங்கள், பத்து நிமிடம் நடக்கச் சோம்பினோம்.

இப்போது தாமதமாக வருகிறவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. விட்ட பாடத்தை மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுக்கிறோம். ஏலம் நடக்கிற காலை நேரத்தில் தாய்மாரைப் பள்ளிக்கு அழைப்பதில்லை. மாலையில் நாங்களே வருகிறோம்.

அந்தப் பையன் பத்தாம் வகுப்பை எட்டவில்லை; படகுக்குப் போய்விட்டான். அவன் பாட்டி இன்றும் பள்ளி வாசல் வழியாகத்தான் கூடையோடு போகிறார். எங்களைக் கண்டால் நின்று, "ஸ்தோத்திரம் டீச்சரம்மா" என்கிறார்.