நடக்கிறவருக்கும் வழி விடுவோம்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இஞ்சினியர்னா அணை, பாலம்னுதான் பேசணுமா? உங்க ஊர் விஷயமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். எங்க ஊர் எடப்பாடி. ஆகவே ரோட்டில் நடப்பதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்காதீங்க, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

எடப்பாடி என்றால் விசைத்தறி ஞாபகம் வரும். அதோடு பழனிக் காவடியும் ஞாபகம் வரவேண்டும். தைப்பூசத்தை ஒட்டி எங்கள் ஊர் பருவதராஜகுல மக்கள் ஆயிரக்கணக்கில் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கிறார்கள். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 350 ஆண்டுகளுக்கு மேலான வழக்கம் என்று சொல்கிறார்கள். மலைக்கோயிலில் ஓரிரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரிக்கிறார்கள். இத்தனை பேர் சேர்ந்து நடந்து, சேர்ந்து சமைத்து, சேர்ந்து தங்கித் திரும்புவதென்றால் சும்மாவா? கட்டுப்பாடு இல்லாமல் முடியாது.

ஆனால் அவர்கள் நடக்கிற ரோட்டில்தான் லாரியும் பஸ்ஸும் ஓடுகின்றன. தைப்பூச சமயத்தில் பாதயாத்திரை பக்தர்கள் மீது வண்டி மோதிய செய்தியை அடிக்கடி படிக்கிறோம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? வகுப்பில் படித்த கணக்குதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். டிரைவர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி என்று கொண்டால், அதற்குள்ளேயே 40 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க இன்னொரு 40 மீட்டர். மொத்தம் 80 மீட்டர். ஆனால் டிம் வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைக்காரர் 40, 50 மீட்டருக்குள் வந்தால்தான் தெரிவார். ஆக, தெரியும்போதே காலம் கடந்துவிடுகிறது. பையில் ஒரு ஒளிரும் பட்டை ஒட்டினால் நூறு மீட்டருக்கு அப்பாலேயே பளிச்சென்று தெரியும். செலவு சில ரூபாய்தான். நடைபாதை இல்லாத இடத்தில் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போகிறவர்கள் வலப்புறமாக நடந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும். ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. கூட்டத்தைக் கண்டால் ஹாரனை அழுத்தாதீங்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்க.

இது வருஷத்துக்கு ஒரு தடவை. தினசரி கதையைக் கேளுங்க. பழனி வரைக்கும் வரிசையாக நடக்கத் தெரிந்த ஊர்க்காரங்க, பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதி வரைக்கும் ரோட்டில் இறங்காமல் நடக்க முடிகிறதா? ஓரத்தில் டூவீலர், கடையின் சாய்தளம், வீடு கட்டும் மணல், கல்யாண பிளக்ஸ், அதற்குப் பக்கத்தில் ஜெனரேட்டர். எடப்பாடி மட்டுமில்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலும் இதே கதைதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் கைத்தடி ஊன்றிய தாத்தாவும் நடுரோட்டுக்கு வருகிறார்கள். வேறு வழி?

சட்டம் இல்லாமல் இல்லை. நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் குழுமத்தின் வழிகாட்டி சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் அகலம் அது. நடைபாதை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் கூறியது. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரு வியாபாரிக்கும் இடம் உண்டு. பூக்கார அம்மாவை விரட்டுவதல்ல தீர்வு. அவருக்கும் இடம் ஒதுக்கி, நடப்பவருக்கும் விடுவதுதான்.

வழியைப் பங்கு போட்டுக்கொள்வது நமக்குப் புதுசு கிடையாது. நெசவாளர் ஊர்களில் விடியற்காலையில் தெருவிலேயே பாவு ஓட்டுவார்கள். நடப்பவர்கள் நூலில் கால் படாமல் ஒதுங்கிப் போவார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவைச் சுருட்டித் தெருவைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். "கொஞ்ச நேரம் எனக்கு, பிறகு உனக்கு" என்ற அந்தப் பெருந்தன்மையைத்தான் இப்போது தொலைத்துவிட்டோம். வைத்த பொருளை எடுப்பதே இல்லை.

நம் சங்கத்தில் சிவில் படித்தவர்கள், ஒப்பந்தக்காரர்கள், அதிகாரிகள், கடை நடத்துபவர்கள் எல்லோரும் இருக்கிறோம். என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, அவரவர் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் 1.8 மீட்டரை டேப் வைத்து அளந்து விட்டுவிடுங்கள். இரண்டு, ரோடு வேலை எஸ்டிமேட் உங்கள் மேசைக்கு வந்தால் நடைபாதையை முதலில் வெட்டாதீர்கள். மூன்று, அடுத்த தைப்பூசத்துக்கு முன் சங்கத்தின் சார்பில் பாதயாத்திரை செல்வோருக்கு ஒளிரும் பட்டைகள் வழங்குவோம். முதல் நூறு பட்டைகள் என் செலவு.