வழி சொல்லும் கடமை

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தையிலிருந்து ரயிலிலும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸிலும் மருதானைக்கு வந்து படித்தவர்கள் நாங்கள். இன்று அதே மண்டபத்தில் கூடியிருக்கிறோம். நூற்றாண்டு கொண்டாடும் நேரத்தில் குடியைப் பற்றித்தானா பேச வேண்டும் என்று சிலர் நினைக்கக்கூடும். மருத்துவத் தொழிலில் இருக்கும் எங்களிடம் ஒரு தலைப்பைத் தெரிவு செய்யச் சொன்னபோது, வேறு எதைச் சொன்னாலும் இதைச் சொல்லாமல் விட்டோம் என்ற உறுத்தல் இருக்கும் என்று பட்டது. எங்களைத் தேடி வரும் பெண்கள் பலர் இந்தப் பாடசாலையில் அல்லது இதைப் போன்ற பாடசாலைகளில் படித்தவர்கள்தான். முதல் தடவை வரும்போது பிரஷர் என்பார்கள். இரண்டாம் தடவை நித்திரை இல்லை என்பார்கள். மூன்றாம் தடவை, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "டொக்டர், இவர் குடிக்கிறார். இது வெளியில தெரியக்கூடாது" என்பார்கள்.

அந்த "வெளியில தெரியக்கூடாது" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறோம். அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, அதே நேரம் அந்த வீட்டுக்கு உதவியும் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டிய ஓர் அமைப்பு 90 வருடங்களாக உலகில் இருக்கிறது. அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்பது அதன் பெயர். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒன்றாகக் கூடி, தங்கள் அனுபவத்தை ஒருவருக்கொருவர் சொல்லி, இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருப்போம் என்று நாளுக்கு நாள் வாழப் பழகும் கூட்டுறவு அது. சந்தா இல்லை. சமயம் கேட்பதில்லை. சேர்வதற்குத் தேவையானது ஒன்றுதான்: குடியை நிறுத்தும் விருப்பம்.

இந்த அமைப்பு எப்படித் தொடங்கியது என்பதில் எமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குச் சந்தைக்காரர் வேலை விடயமாக அமெரிக்காவின் அக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் கைகூடவில்லை. ஹோட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் மதுச்சாலை, மறுபக்கம் தேவாலயங்களின் முகவரிப் பட்டியல். அவர் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த வழியாக ஹென்றியெற்றா சைபர்லிங் என்ற பெண்மணியோடு பேசக் கிடைத்தது. அந்த அம்மா குடிநோயாளி அல்லர். ஆனால் குடியால் அழிந்துகொண்டிருந்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரை அவருக்குத் தெரியும். டொக்டர் பொப் ஸ்மித் என்ற அந்த வைத்தியரையும் பில்லையும் தன் வீட்டில் சந்திக்க வைத்தார். அந்தச் சந்திப்பிலிருந்துதான் ஏ.ஏ. பிறந்தது. 1939இல் அதே நகரின் சென் தோமஸ் வைத்தியசாலையில் சிஸ்டர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி, குடிநோயாளருக்கு யாரும் கட்டில் கொடுக்காத காலத்தில், டொக்டர் பொப்புடன் சேர்ந்து கட்டில் கொடுத்தார். இந்த இரண்டு பெண்களும் சிகிச்சை கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் இரண்டு பேரை அறிமுகம் செய்தார், மற்றவர் ஒரு கதவைத் திறந்தார். இன்று எம்மிடம் கேட்கப்படுவதும் அவ்வளவுதான்.

ஏன் அதை வெளியாட்களாகிய நாம் செய்ய வேண்டும்? அந்த அமைப்பே விளம்பரம் செய்யலாமே என்று கேட்கலாம். அவர்கள் விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை. 1941 மார்ச்சில் சற்றர்டே ஈவினிங் போஸ்ட் என்ற அமெரிக்க வாரப் பத்திரிகை ஏ.ஏ. பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அப்போது ஏறத்தாழ 2,000 பேராக இருந்த உறுப்பினர் தொகை அந்த வருட முடிவில் 8,000 ஆனது. பொதுமக்களுக்குச் சரியான தகவல் போய்ச் சேர்ந்தால் எத்தனை உயிர் தப்பும் என்பதை அது காட்டியது. புகழ் வந்தால் ஆபத்தும் வரும் என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தார்கள். 1840இல் பல்ற்றிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து தொடங்கிய வொஷிங்ரோனியன் சங்கம் மிக வேகமாகப் பரவியது. ஊர்வலம், மேடை, மதுவிலக்கு அரசியல் என்று பல வழியில் இறங்கிச் சில வருடங்களிலேயே கரைந்து போனது. அதைப் பார்த்துத்தான் ஏ.ஏ. தனக்குப் பன்னிரண்டு மரபுகளை வகுத்து, 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொண்டது. அரசியல் விவாதங்களில் கருத்துச் சொல்வதில்லை. மதுவிலக்கு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதில்லை. பத்திரிகையிலோ வானொலியிலோ திரையிலோ உறுப்பினர் தன் முழுப் பெயரையும் முகத்தையும் காட்டுவதில்லை.

இந்த இடத்தில் எம் சமூகத்தில் ஒரு குழப்பம் உண்டு. பெயரை மறைப்பதும் விடயத்தை மறைப்பதும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். ஏ.ஏ.யில் மறைப்பது ஆளின் பெயரை. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, யார் வரலாம் என்பதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்வார்கள். அழைத்தால் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். எம் வீடுகளிலோ இது தலைகீழ். ஆளின் பெயர் தெருவுக்கே தெரியும். "இன்னாருடைய மனுசன் குடிகாரன்" என்று கலியாண வீட்டில் கதைப்போம். ஆனால் உதவி எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டோம்.

அடுத்தது பணம். எங்கள் சங்கத்தின் முதல் எண்ணம் எப்போதும் ஒரு காசோலை கொடுப்பதுதான். அதில் குற்றமில்லை, நல்ல மனசு. ஆனால் ஏ.ஏ. வெளியாரின் பணத்தை வாங்காது. 1940இல் கோடீஸ்வரர் ரொக்கபெல்லர் அவர்களுக்காக ஒரு விருந்தே வைத்தார். பெரிய நிதி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பணம் இந்த நல்ல காரியத்தைக் கெடுத்துவிடும் என்பதே ரொக்கபெல்லரின் எண்ணமாக இருந்தது. உறுப்பினர்கள் கூட்ட முடிவில் தட்டில் போடும் சில்லறையில்தான் வாடகையும் தேநீரும். ஆகவே நாம் கொடுக்கக் கூடியது வேறு: ஒரு அறையை நியாயமான வாடகைக்குக் கொடுக்கலாம். அறிவித்தல் பலகையில் ஓர் இடம் கொடுக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுக்கலாம்.

இலங்கையில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. மருதானை வீதியில், புஞ்சி பொரளைப் பக்கமாக உள்ள புனித வின்சென்ட் டி போல் கட்டடத்தின் முகவரி ஏ.ஏ. அறிவித்தல்களில் வெளிவந்திருக்கிறது. நாம் படித்த இடத்துக்கு எவ்வளவு கிட்ட என்று பாருங்கள். இவற்றோடு, சுமித்ரயோவின் மெல் மெதுர நிலையம் போதைப் பழக்கமுள்ளோருக்கும் குடும்பத்தினருக்கும் ஆலோசனை தருகிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டம் மது விளம்பரத்தைத் தடை செய்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடுத்தது. ஆனால் குடியை விளம்பரம் செய்வதை நிறுத்தினோமே தவிர, குடியிலிருந்து மீளும் வழியை எல்லோருக்கும் தெரியப்படுத்தவில்லை.

இது உண்மையில் பயன் தருமா என்று வைத்தியர்களாகிய நாங்கள் கேட்கத்தான் வேண்டும். 2020இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரைப் பார்த்தது. முறையாக ஏ.ஏ.யுடன் இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து முற்றாகக் குடிக்காமல் இருந்தோர் 42 சதவீதம். வேறு உளவியல் சிகிச்சைகளில் அது 35 சதவீதம். எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் இது என்று யாரும் சொல்லவில்லை. பணச் செலவில்லாத வழி, படித்தவர்கள் தரும் சிகிச்சையோடு சரிக்குச் சரியாக, சில வேளை அதைவிட நன்றாகவும் நிற்கிறது. அதோடு, அந்த ஆய்வில் முக்கியமான சொல் "இணைத்துவிடும்" என்பதுதான். ஒரு துண்டில் விலாசம் எழுதிக் கொடுப்பதைவிட, முன்னே இருந்து தொலைபேசி எடுத்துக் கொடுத்தால் போகிறவர்கள் அதிகம்.

எமக்குக் கிட்டிய இன்னோர் உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் அம்மையார் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை மறைத்து வைக்காமல் 1980இல் சென்னையில் ரி.ரி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளி நகரத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், 1989இலிருந்து மஞ்சக்குடி என்ற கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தினார்கள். ஊரே இடம் கொடுத்து, ஊரே ஆளைக் கூட்டி வந்தால், திரும்பிப் போகிறவரை அந்த ஊரே தாங்கும். 1992இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

இனி, நடைமுறையில் நாம் செய்ய வேண்டியவை.

ஒன்று. பல வருடம் தினமும் குடித்தவரை "இன்றோடு நிறுத்து, கோயிலில் சத்தியம் பண்ணு" என்று வற்புறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிதல் எல்லாம் வரலாம். அது உயிராபத்து. வைத்தியசாலையில் மருந்தோடும் தயமின் ஊசியோடும் நிறுத்த வேண்டும். சத்தியம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இரண்டு. தேநீரிலும் சாம்பாரிலும் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். சிலவற்றில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. டைசல்பிரம் போன்ற மருந்தைத் தெரியாமல் உட்கொண்டவர் அதற்கு மேல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும்.

மூன்று. குடும்பத்தவருக்கும் கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனொன் அதற்காகத்தான். குடிக்கிறவர் திருந்தினால்தான் நான் வாழலாம் என்று காத்திருக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் அது மூச்சு விடும் இடம். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

நான்கு. குடிக்கும் பெண்களைப் பற்றிப் பேசக் கூச்சப்படக் கூடாது. பெண்களுக்கு மது விற்பதற்கு இருந்த தடை 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பக் கொண்டுவரப்பட்டது நினைவிருக்கும். சட்டம் என்ன சொன்னாலும் அலுமாரிக்குள் போத்தல் ஒளித்து வைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1939இல் ஏ.ஏ.க்கு வந்த மார்ட்டி மான் என்ற அமெரிக்கப் பெண், 1944இல் குடி ஒரு நோய், அதற்கு உதவி உண்டு என்று மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் அமைப்பையே நிறுவினார். எம் பெண்களுக்கு ஆண்கள் நிறைந்த கூட்டத்துக்குப் போவது சங்கடம். துணைக்கு ஒரு சிநேகிதி போனால் அந்தச் சங்கடம் பாதியாகும். யாரும் வந்து பார்க்கக்கூடிய திறந்த கூட்டங்களுக்கு நாமும் போகலாம்.

ஐந்து. ஸ்காபரோ, லண்டன், மெல்பேர்ன் என்று பல இடங்களிலும் இந்த மலரை வாசிக்கப் போகும் சகோதரிகளுக்கு: ஏறத்தாழ 180 நாடுகளில் ஏ.ஏ. இருக்கிறது. கொவிட் காலத்தில் பல கூட்டங்கள் இணையத்துக்கு வந்தன. ஆங்கிலம் வராத மாமாவுக்கு, தமிழில் நடக்கும் ஒரு கூட்டத்தைத் தேடிக் கொடுப்பது உங்களால் முடியும். எம்முடைய வட்ஸ்அப் குழுக்களில் கலியாணமும் சீட்டும் கோயில் திருவிழாவும் போகின்றன. ஒரு கூட்டத்தின் நேரமும் இடமும் அதில் போகட்டும். போடும்போது யாருடைய பெயரையும் குறிப்பிடாதீர்கள், "இன்னாருக்குப் பயன்படும்" என்று தனியே சுட்டாதீர்கள். பொதுவாகப் போடுங்கள். தேவைப்பட்டவர் இரவில் தனியே இருந்து பார்ப்பார்.

இந்த மலரில் ஏ.ஏ. உறுப்பினர் ஒருவருடைய படமும் இல்லை, அவர்களுடைய பெயரும் இல்லை. அவர்கள் கேட்டதும் அதுதான், நாம் காக்க வேண்டியதும் அதுதான். ஆனால் அவர்களிடம் போகும் வழி இதில் இருக்கிறது. சங்கத்தின் செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள்: வருடத்தில் ஒரு தடவையாவது பெற்றோருக்கும் பழைய மாணவிகளுக்கும் ஒரு தகவல் கூட்டம் வைப்போம். அறிவித்தல் பலகையில் ஓர் ஓரம் ஒதுக்குவோம். "வெளியில தெரியக்கூடாது" என்று ஒரு தங்கை எம்மிடம் சொன்னால், "தெரியாது அம்மா, ஆனால் போக ஓரிடம் இருக்கிறது, நானும் வாறன்" என்று சொல்லக்கூடியவர்களாக இருப்போம்.