ஊமைத்துரையைக் காத்த அம்மை

1799 அக்டோபர் 16இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனை வெள்ளையர் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கதையை எங்கள் புதூர், விளாத்திகுளம் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். பாஞ்சாலங்குறிச்சியின் கதை அத்தோடு முடிந்ததென்றே பலரும் நினைக்கிறார்கள். கட்டபொம்மனைப் பற்றிய திரைப்படமும் அங்கேதான் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்று பேசப்போகிறேன். அதில் பெரியம்மை இரண்டு தடவை வருகிறது.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையையும் உறவினர்களையும் பாளையங்கோட்டையில் விலங்கிட்டு அடைத்திருந்தார்கள். 1801ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைதிகளிடையே அம்மை கண்டது. அதனால் விலங்குகளைக் கழற்றிவிட்டார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி மாலை, வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்த நேரம், கைதிகள் காவலை உடைத்து வெளியேறி ஊர்ப்பக்கம் ஓடிவிட்டார்கள்.

கிழக்கிந்தியக் கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாளில் மறுபடி எழுந்தது. துரத்தி வந்த படை அதைக் கண்டு திகைத்துத் திரும்பியது. ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம். கல் கிடையாது, முழுக்க மண். சுற்றிலும் முள்வேலி. மழைக்காலத்தில் கரிசல்காட்டில் நடந்து செருப்பைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தப் பக்கத்து மண்ணின் பிடிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. கல்சுவர் என்றால் பீரங்கிக் குண்டு பட்டுச் சிதறும். மண்சுவரோ குண்டை உள்வாங்கிக்கொள்ளும். மார்ச் 31ஆம் தேதி பெரும்படையோடு வந்து மோதிய வெள்ளையர், பலரைப் பறிகொடுத்துப் பின்வாங்கினார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் எதிரிப்படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி. 1830இல் லண்டனில் அவருடைய நினைவுக்குறிப்பு அச்சானது. அதில் ஊமைத்துரை கட்டளையிடும் விதத்தை அவர் சொல்லியிருப்பது என் மனத்தை விட்டு அகலவில்லை. சிறு துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளையர் படை. பிறகு வாயால் ஒரு சீற்ற ஒலி எழுப்பிக்கொண்டே மறு கையால் அத்தனையையும் வழித்து எறிவாராம். தாக்குங்கள் என்பதற்கு அதுவே உத்தரவு. அவர் பேச்சு அவ்வளவுதான். அதை நம்பி ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கொடுக்க நின்றார்கள். பகைவராக இருந்தும் வெல்ஷ் இதை மரியாதையோடு எழுதினார்.

மே 24ஆம் தேதி, கர்னல் அக்னியூவின் பீரங்கிகளுக்குக் கோட்டை விழுந்தது. தப்பி ஓடியவர்களில் ஊமைத்துரையும் காயப்பட்டு வெளியே கிடந்தார். மகனைத் தேடி ஒரு தாய் அங்கே வந்தாள். மகன் கிடந்தான், உயிர் பிரியும் நிலையில். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னான் அவன். அவள் மகனை அப்படியே விட்டுவிட்டு, ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கும்பினியோடு சேர்ந்திருந்த எட்டயபுரத்துப் படையாட்கள் தேடி வந்தபோது, ஊர்ப் பெண்கள் ஊமைத்துரைமேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். என்ன என்று கேட்டவர்களிடம், பையன் ஒருவன் அம்மை போட்டு இப்போதுதான் இறந்தான் என்றார்கள். வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்க்காமலே ஓடிப்போனார்கள்.

அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். அம்மைக்கு ஜென்னர் கண்டுபிடித்த தடுப்பூசி இந்தியாவில் முதன்முதலாகப் போடப்பட்டதே 1802 ஜூனில், பம்பாயில், ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு. அதற்கு முந்திய ஆண்டில் கரிசல்காட்டு மனிதருக்கு வேப்பிலையும் வேண்டுதலும் தவிர வேறு காப்பு இல்லை. அம்மை என்றால் யாரும் கிட்ட வரமாட்டார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய், அங்கே கும்பினியை எதிர்த்து நின்ற மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அங்கும் போர் தோற்றது. 1801 நவம்பர் 16ஆம் தேதி அவரைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள்.

ஓட்டப்பிடாரம் போனால் பாஞ்சாலங்குறிச்சி பக்கம்தான். 1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை அங்கே இருக்கிறது. போரில் மாண்ட வெள்ளையரின் கல்லறைகளும் அருகில் உண்டு. சாகும் மகனை விட்டுவிட்டு வந்த அந்தத் தாய்க்கும் அங்கே ஒரு கல் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் என்ன, செய்ததைச் செதுக்கலாமே.