பூங்காவின் சுவர்



பூங்கா என்ற சொல்லைக் கேட்டவுடன், அது வசதியுள்ளோரின் காலை நடைக்கான விஷயம் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் இயக்கத்தினர் பலரிடம் உண்டு. கூலி, வேலை நேரம், ரேஷன், குடியிருக்க இடம் ஆகியவை முதலில். மரமும் புல்தரையும் பிறகு என்பது அவர்களின் வாதம். தில்லியின் அசோக் விஹாரில் 1995 ஜனவரி 30 அன்று நிகழ்ந்ததற்கு அந்த வாதத்தில் இடமில்லை.

அசோக் விஹார், வடமேற்கு தில்லியில் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் திட்டப்படி உருவான குடியிருப்பு. அதை அடுத்து வசீர்பூர் தொழிற்பேட்டை. எஃகைத் தகடாக உருட்டும் பட்டறைகளும், அத்தகட்டை அமிலத்தில் கழுவும் பட்டறைகளும் அங்கே நெருக்கமாக உள்ளன. அவற்றில் உழைப்போர் அருகிலேயே ஜுக்கிகளில் வாழ்ந்தனர். வீடுகளுக்கும் ஜுக்கிகளுக்கும் இடையே ஒரு திறந்தவெளி இருந்தது. வீட்டு உரிமையாளர்களுக்கு அது பூங்கா. ஜுக்கிவாசிகளுக்கு வேறு வழியின்மையால் அதுவே கழிப்பிடம். வீட்டு உரிமையாளர்கள் தம் செலவில் இடையே ஒரு சுவர் எழுப்பினர். சில நாட்களிலேயே அதில் உடைப்பு விழுந்தது. அந்த உடைப்பின் வழியாகத்தான் அவர்களுடைய வீடுகளில் பாத்திரம் துலக்கிய பெண்களும், கார்களைக் கழுவிய ஆண்களும் நாள்தோறும் வந்துபோயினர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அன்று காலை அந்தத் திறந்தவெளிக்குக் காலைக்கடனுக்காகச் சென்ற பதினெட்டு வயது இளைஞர் ஒருவரை வீட்டு உரிமையாளர்கள் சிலரும் இரண்டு காவலர்களும் சேர்ந்து அடித்துக் கொன்றனர். குடியரசு நாள் அணிவகுப்பைக் காண்பதற்காகத் தலைநகருக்கு வந்திருந்தவர் அவர். கொலையைக் கண்டித்து ஜுக்கிவாசிகள் திரண்டபோது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மேலும் நான்கு உயிர்கள் போயின.

இந்நிகழ்வை ஆய்வு செய்து எழுதிய சமூகவியலாளர் அமிதா பாவிஸ்கர் ஒரு கணக்கைத் தருகிறார். அந்த ஜுக்கித் தொகுதியில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். அவற்றுக்கென இருந்த பொதுக் கழிப்பிடங்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் எட்டு அறைகள். ஆக 24 அறைகள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு ஓர் அறை. விடியும் முன் ஆலைக்குப் புறப்பட வேண்டிய தொழிலாளி அந்த வரிசையில் நின்றால் வேலைக்குப் போக முடியாது. பெண்களின் நிலையை விவரிக்கத் தேவையில்லை.

மாசற்ற காற்று, பசுமை, தூய்மை ஆகியவற்றின் பெயரால் உழைப்போரை நகரத்தின் பார்வையிலிருந்து அகற்ற முனையும் போக்குக்குப் பாவிஸ்கர் இட்ட பெயர் ‘பூர்ஷ்வா சுற்றுச்சூழல்வாதம்’. நீதிமன்றங்களிலும் அப்போக்கு புகுந்தது. நடைபாதையில் வாழ்வோரின் பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் கூறிய அதே உச்ச நீதிமன்றம், 2000ஆம் ஆண்டில் அல்மித்ரா படேல் வழக்கில், பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு மாற்றிடம் தருவதை ஜேப்படிக்காரனுக்குப் பரிசளிப்பதோடு ஒப்பிட்டது. இத்தனைக்கும் அது குப்பை அகற்றுவது பற்றிய வழக்கு! 2004இல் யமுனைக் கரையின் புஷ்தா குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது, அங்கே நதிக்கரைப் பூங்காவும் உலாவிடமும் வரும் என்பதே காட்டப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன.

இவற்றைக் கேட்டபின், ‘பார்த்தீர்களா, பூங்கா உழைப்பவனுக்குப் பகை’ என்று தோழர்கள் சிலர் முடிவுக்கு வரக்கூடும். அம்முடிவு தவறானது. அதற்கு மறுமொழி பெங்களூரில் இருக்கிறது.

பெங்களூரின் ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில், ஒப்புதல் பெற்ற மனை வரைபடத்தில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் ஒன்று இருந்தது. மாநில முதலமைச்சரின் உத்தரவின்பேரில் அந்நிலம் தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டது. குடியிருப்பவர்கள் வழக்குத் தொடுத்தனர். தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். உயர் நீதிமன்ற அமர்வு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1991இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை அதிகாரத்தில் இருப்பவரின் விருப்பப்படி தனியாருக்கு மாற்ற முடியாது என்றும், தமது சொத்துக்கு நேரடி இழப்பு இல்லாவிடினும் வழக்குத் தொடுக்கக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு என்றும் அத்தீர்ப்பு நிறுவியது.

வழக்காடியவர்கள் பாட்டாளிகள் அல்லர். அது வசதி படைத்தோர் வாழும் பகுதி. மருத்துவமனை மக்களுக்குத் தேவையில்லையா என்ற கேள்வியும் எழாமல் இல்லை. ஆனால் அங்கே வரவிருந்தது அரசு மருத்துவமனை அன்று. பொது நிலத்தைத் தனியாருக்குக் கைமாற்றும்போது மருத்துவம், கல்வி, வளர்ச்சி போன்ற நல்ல சொற்களே முன்னால் நிறுத்தப்படுகின்றன. பூங்காவின் பெயரால் ஜுக்கியை இடிப்பதும், மருத்துவமனையின் பெயரால் பூங்காவை விழுங்குவதும் நிலத்தை விலைபேசும் ஒரே அரசியலின் இரு செயல்கள். இதைப் புரிந்துகொள்ளாத கிளை, ஒரு முறை குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாலாகும்; மறுமுறை மனை வணிகரின் வாதத்தைத் தன்னையறியாமல் பேசும்.

மும்பைப் புறநகரான கோரேகாவ்ங்கில் உள்ள ஆரே காலனியில் இதற்கு மாறான ஓர் அணிசேர்க்கை காணப்பட்டது. 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்த அன்றிரவே மெட்ரோ பணிமனைக்காக மரங்களை வெட்டத் தொடங்கினர். அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தடுப்பதற்குள் 2,141 மரங்கள் வீழ்ந்துவிட்டன. அங்கே மறித்து நின்று கைதானவர்கள் நகரத்து மாணவர்கள் மட்டுமல்லர்; அக்காட்டில் தலைமுறைகளாக வாழும் வார்லி ஆதிவாசிகளும் இருந்தனர். அவர்களுக்குக் காடு காட்சிப்பொருள் அன்று, வீடு.

அரசமைப்பின் 74ஆவது திருத்தத்தோடு சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளுக்கு உரியனவாக 18 பணிகள் எண்ணப்பட்டுள்ளன. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அதில் ஒரு வரி. குடிசைப் பகுதி மேம்பாடு இன்னொரு வரி. பொதுக் கழிப்பிடம் மற்றொரு வரி. மூன்றும் ஒரே பட்டியலில் உள்ளவை. நகராட்சியிடமும் மூன்றையும் ஒரே கோரிக்கை மனுவில் வைக்க வேண்டும்.

புறநகர்க் கிளைகள் இதற்கு முதலில் செய்ய வேண்டியது, தம் பகுதியின் ஒப்புதல் பெற்ற மனை வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுவது. வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டிய இடங்களில் இன்று என்ன நிற்கிறது என்று நேரில் சென்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்: கார் நிறுத்துமிடமா, கோயிலா, மன்றமா, பூட்டிய கதவா. பூங்கா இருக்குமிடத்தில் அதன் நேரத்தையும் கவனிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் சில மணி நேரம் மட்டுமே திறந்து, நண்பகலில் பூட்டிக் கிடக்கும் பூங்கா பல நகரங்களில் வழக்கம். கட்டடத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும் நிழல் தேடுவது அந்த நண்பகலில்தான். கதவு திறந்திருக்கிறதா, உள்ளே குடிநீரும் கழிப்பிடமும் உள்ளனவா, ‘வெளியாட்களுக்கு அனுமதி இல்லை’ என்ற பலகை தொங்குகிறதா, தொங்கினால் அதை யார் தொங்கவிட்டார்கள், எந்த ஆணையின்படி என்பதையெல்லாம் குறித்துவைத்துக்கொண்டு வட்டாரக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு வரட்டும்.