பழைய வண்டியும் புதிய கடனும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே முறிகண்டிப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அவ்வழியே செல்லும் வண்டி எதுவாயினும் அங்கே தரித்து, தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்திய பின்னரே மேற்செல்வது நெடுங்கால வழக்கம். அங்கே சற்று நின்று பார்ப்பவர் ஒரு காட்சியைக் காணலாம். சில சாரதிகள் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கி, அவசரமாகக் கற்பூரம் கொளுத்தி, அவசரமாகவே திரும்புவர். அவர்களுடைய பக்தியிற் குறைவொன்றுமில்லை. நிறுத்திய எஞ்சின் மீண்டும் உயிர்பெறுமோ என்னும் ஐயமே அந்த அவசரத்துக்குக் காரணம்.

இத்தகைய வண்டியை என்ன செய்வது? திருத்துவதா, கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றுவதா? வன்னிப் பெருநிலத்தில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களிலே பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எழும் வினா இது. நகரத்திலே வாழ்பவருக்கு இது பண விடயம் மாத்திரமே. வண்டி நின்றால் பேருந்து உண்டு, முச்சக்கர வண்டி உண்டு. வயலும் வீடும் தூர தூரமாகக் கிடக்கும் நாட்டிலோ பிக்கப் வண்டி ஒன்று செய்யும் தொழில்கள் பலவாகும். காலையிலே பசளை மூட்டை ஏற்றும். மாலையிலே நெல் ஏற்றும். நள்ளிரவிலே பேற்றுநோவுற்ற பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லும். திருமண வீட்டுக்குப் பாத்திரங்களும் அதிலேதான் வரும். மரண வீட்டுக்குப் பந்தற் கம்புகளும் அதிலேதான் வரும். அயலவர் இரவல் கேட்டால் மறுப்பது மரியாதையன்று. ஆகவே, அது பழுதடைவதும் ஒரு வீட்டின் தனித் துன்பமாக நின்றுவிடுவதில்லை.

வன்னி மக்கள் பழைய வண்டியை எளிதிற் கைவிடாமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின், வடக்குக்குச் செல்லும் பொருள்கள் பலவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப் பாகங்கள் என்பன கிடைத்தற்கரியனவாயின. அக்காலத்திலேதான் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் முற்றாக எரிவதில்லை. எரியாது எஞ்சியது பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். எஞ்சின் விரைவில் தேயும் என்பதை அறியாமல் எவரும் அதனைச் செய்யவில்லை. வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவே. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதும் அக்காலத்திலேதான். இன்று இப்பேச்சைக் கேட்கும் நேயர்களுட் சிலருடைய கைகளே அச்சக்கரத்தைச் சுழற்றியிருக்கும்.

இத்தகைய காலம் அரிய தொழிலாளரை உருவாக்கியது. உதிரிப் பாகம் இல்லையென்றால் அதனைக் கடைந்து செய்வோரும், ஒரு வண்டியின் உறுப்பை மற்றொரு வண்டிக்குப் பொருத்துவோரும் ஊர்தோறும் தோன்றினர். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் அவர்களிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தபோது, அவர்களோடு அந்தத் தொழிலறிவும் வந்தது. 2002 இல் பெருவீதி திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்ற்றில் மீண்டும் மூடப்பட்டது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே மனிதர்கள் உயிரை மாத்திரம் கையிற் கொண்டு வெளியேறியபோது, எண்ணற்ற வண்டிகள் அம்மணலிலேயே விடப்பட்டன. அவற்றின் துருப்பிடித்த கூடுகள் பின்னும் பல்லாண்டுகள் அங்கே குவிந்து கிடந்தன. அந்த வெளியிலே ஒரு வண்டியை இழந்து, பின் பாடுபட்டு இன்னொன்றை வாங்கியவரிடம் சென்று, “பழையதைத் தள்ளிவிடும்” என்று சொல்வது எளிதன்று.

ஆயினும், வேறு வழியில்லாத காலத்துப் பழக்கத்தை வழியுள்ள காலத்திலும் விடாது பற்றிக்கொள்வது சரியாகுமா என்பது கேட்கத்தக்க வினா. இதற்கு விடை காண அண்மைக்கால நிலைமையையும் நோக்கவேண்டும். வெளிநாட்டுச் செலாவணியைக் காக்கும்பொருட்டு 2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாயின் பெறுமதி சரிந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாயை எட்டியது. புதிய வண்டி வருவதில்லையாதலால் பழைய வண்டிகளின் விலை ஏறியது. பத்தாண்டு ஓடிய வண்டியை வாங்கிய விலைக்கு மேலே விற்ற விந்தையை அக்காலம் கண்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கான தடையும் நீங்கியது. எனினும் வரிச்சுமை பெரிது. ஆகவே ‘தடை நீங்கிவிட்டது, இனி மலிவாகும்’ என்று காத்திருந்தவர்கள் ஏமாற்றமடைந்தனர்.

இந்நிலையில் ஒரு கமக்காரரை எண்ணிக்கொள்க. கரடிப்போக்குச் சந்தியிலிருந்து மேற்கே உருத்திரபுரம் செல்லும் பாதையில் அவர் வீடு. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிய ஜப்பானிய டீசல் பிக்கப் ஒன்று அவரிடம் உண்டு. தை மாதத்து மாலையொன்றில் பரந்தனுக்கு அண்மையில், மூட்டைகளோடு அது நின்றுவிடுகிறது. ரேடியேற்றர் கொதித்து ஆவி எழும்புகிறது. வானமோ இருண்டு வருகிறது. கராஜிலிருந்து வந்த இளைஞன் மூடியைத் திறந்து பார்த்து, “அண்ணை, எஞ்சினை இறக்கிப் பார்க்கவேணும். இறக்கினால் செலவு, இறக்காட்டில் திரும்பவும் வழியில நிக்கும்” என்கிறான். அன்றிரவே உறவினர் ஒருவர், லீசிங் முறையில் வேறு வண்டி எடுக்கலாம், பழையதை அவர்களே விலைக்கு ஏற்பார்கள் என்று யோசனை சொல்கிறார்.

முதலில் அவர் அறியவேண்டியது, நோய் எது என்பது. வெண்புகை கக்கி, ரேடியேற்றர் நீரும் குறைந்துகொண்டே போனால், நீர் எஞ்சினுக்குள்ளே கசிகிறது என்று ஐயுறலாம். நீலப்புகையானால் ஒயில் எரிகிறது. வளையங்களோ உருளைகளோ தேய்ந்துவிட்டன. கரும்புகையானால் அஞ்சவேண்டியதில்லை, டீசல் செலுத்தும் உறுப்பிலோ, காற்று வடிகட்டியிலோ குறை இருக்கலாம். கிரவல் வீதிகளின் செந்தூசி வடிகட்டியை அடைப்பது வன்னியில் அன்றாட நிகழ்ச்சி.

இங்கே பலர் கவனியாத ஒரு பொருளைச் சொல்லவேண்டும். அது கிணற்று நீர். வன்னியின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடின நீர். கேத்திலின் உட்புறத்தில் வெண்ணிறப் படிவு படிவதை வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். அதே படிவுதான் ரேடியேற்றரின் நுண்ணிய குழாய்களிலும் படிகிறது. வெப்பம் வெளியேற வழியின்றி எஞ்சின் கொதிக்கிறது. கொதித்த எஞ்சினின் தலைப்பகுதி வளைகிறது, சில வேளை வெடிக்கிறது. பெருஞ்செலவில் எஞ்சினைத் திருத்தி, மறுபடியும் அதே கிணற்று நீரை ஊற்றுபவர், ஈராண்டில் அதே கராஜுக்கு வருவார். குற்றம் எஞ்சினிலும் இல்லை, திருத்தியவனிலும் இல்லை. சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தினால் குடிப்பதற்குச் சுத்திகரித்த நீரைத் தேடிச் செல்லும் மக்கள், வண்டிக்கும் அதில் ஒரு பங்கு கொடுத்தால் தவறில்லை. மார்கழி மழைநீரைச் சேமித்து வைத்தாலும் போதும்.

எஞ்சினிலும் முதன்மையானது அடிச்சட்டம். எஞ்சினை மாற்றலாம், கொழும்பிலே பஞ்சிகாவத்தைக்குச் சென்றால் ஜப்பானில் கழற்றிய எஞ்சின்கள் வரிசையாகக் கிடக்கும். கியர்ப் பெட்டியையும் மாற்றலாம். அடிச்சட்டம் துருவேறி இற்றுப்போனால் வண்டியின் ஆயுள் முடிந்ததென்றே கொள்ளவேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றிலும், மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பு நீரிலும் நாள்தோறும் நனையும் வண்டிகளுக்கு இது விரைவில் நேரும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். இற்ற இரும்பு ஓசையின்றி உதிரும். இற்ற சட்டத்தின்மேல் தகடு ஒட்டி, நிறம் பூசி ஓடுவது, ஏற்றிச்செல்லும் மனிதர்களின் உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது கணக்கு. ஒவ்வொரு முறையும் வண்டி நின்ற நாள், எது பழுது, என்ன செலவு, எத்தனை நாள் வேலை கெட்டது என்று ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதிவந்தவர் மிகச் சிலரே. எழுதிப் பார்த்தால் உண்மை தானே புலப்படும். ஒரே உறுப்பு மீண்டும் மீண்டும் பழுதானால், அது ஒருமுறையேனும் சரியாகத் திருத்தப்படவில்லை. வேறு கைகாரரிடம் காட்டவேண்டும். இன்று கிளச், அடுத்த மாதம் டீசல் பம்பு, அதற்கடுத்து ஸ்டியரிங் என வெவ்வேறாக வந்தால் அது முதுமை. முதுமைக்கு எந்தக் கராஜிலும் மருந்தில்லை.

திருத்தும் செலவை மாத்திரம் எழுதினாலும் கணக்கு நிறைவாகாது. முல்லைத்தீவிலிருந்து பனிக்கட்டி இட்ட மீன்பெட்டிகளோடு புறப்பட்ட வண்டி ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் நின்றால், மாற்றிய குழாயின் விலை சிறிது. உருகிய பனிக்கட்டியும் விலைபோகாத மீனுமே பெரிது. அறுவடை நாளில் நனைந்த நெல்லை வியாபாரி எந்த விலைக்குக் கேட்பார் என்பதைக் கமக்காரருக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆண்டில் முந்நூறு நாள் ஒழுங்காக ஓடி, அறுவடை வாரத்தில் நிற்கும் வண்டி, நல்ல வண்டி ஆகாது.

இனிக் கடனைப் பற்றிப் பார்ப்போம். 2009 இற்குப் பின்னர் நிதி நிறுவனங்கள் பல வன்னி நகரங்களிலே கிளை திறந்தன. வண்டியை மாற்றுவது அதனால் எளிதாயிற்று. திருப்பிச் செலுத்துவது அவ்வளவு எளிதாகவில்லை. உருத்திரபுரத்துக் கமக்காரர் தவணைத் தொகையைக் கடதாசியில் எழுதிக் காட்டியபோது, அவர் மனைவி கேட்ட கேள்வி எந்தக் கணக்காளரும் கேட்கவேண்டிய கேள்வியாகும்: “இஞ்சருங்கோ, மாதக் காசு கட்ட நெல்லென்ன மாதாமாதம் விளையுதே?”

சிக்கல் முழுவதும் அதிலே அடங்கியுள்ளது. காலபோக நெல் மாசி, பங்குனியில் வீடு வரும். சிறுபோகம் எல்லார்க்கும் இல்லை. குளத்து நீரின் அளவைப் பார்த்து, கூட்டம் கூடி, இவ்வாண்டு எவ்வளவு நிலம் விதைக்கலாம் என்று தீர்மானிப்பர். ஆக, வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. தவணையோ பன்னிரண்டு முறை. ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் பொருந்திய கடன் முறை, கமக்காரருக்குப் பொருந்தவேண்டுமென்பதில்லை. கடைசித் தவணை கட்டும்வரை வண்டியின் முழு உரிமை நிறுவனத்தினுடையது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும், விதைப்புக்கும் பசளைக்கும் கைப்பணம் கரையும் வேளையில் தவணைகள் தவறினால், அறுவடைக்கு முன்னரே வண்டி போய்விடக்கூடும். அறுவடையோடு ஒட்டித் தவணை வகுக்க இணங்குவார்களா என்று கையொப்பமிடுமுன் கேட்பதில் வெட்கமில்லை. இணங்குவோர் அரியர். நாள்தோறும் சந்தைக்கு மீனோ மரக்கறியோ கொண்டுசெல்பவரின் நிலை வேறு. அவருக்கு நாள்தோறும் காசு வருகிறது, தவணையும் தாங்கும்.

மாற்றுவதானால் பத்திரங்களையும் பார்க்கவேண்டும். போர்க்காலத்தில் ஆவணங்கள் அழிந்தமையாலும், பெயர் மாற்றாமலே கைமாறியமையாலும், வன்னியிலுள்ள பழைய வண்டிகள் சிலவற்றின் பதிவு இன்றும் எவருடைய பெயரிலோ கிடக்கிறது. அத்தகைய வண்டிக்கு நல்ல விலை கிடையாது. பழையதற்கு அதிக விலை தருகிறோம் என்று சொல்பவர், புதியதன் விலையில் அதனை ஏற்றியிருக்கிறாரா என்பதையும் விசாரிப்பது நன்று. திருத்துவது, மாற்றுவது என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியும் உண்டு. அன்றாட வேலைக்கு லான்ட்மாஸ்ரர் போதுமென்றால், பிக்கப்பை விற்றுவிட்டு அறுவடை வாரங்களில் மாத்திரம் வாடகைக்கு வண்டி பிடிக்கலாம். வீட்டு வாசலில் வண்டி நிற்பது மதிப்பு என்று கருதுவோர் இதனை விரும்புவதில்லை. அவர்கள் அந்த மதிப்புக்கும் ஒரு விலை எழுதிப் பார்க்கட்டும்.

அக்கமக்காரர் இரண்டாவது கராஜ் ஒன்றுக்கும் வண்டியைக் கொண்டுசென்றார். அங்கிருந்த முதியவர் கீழே படுத்து, சட்டத்தைத் தட்டிப் பார்த்து, “சட்டம் நல்லாயிருக்குத் தம்பி” என்றார். ரேடியேற்றரைக் கழற்றியபோது உள்ளே சுண்ணாம்புப் படிவு அடைத்திருந்தது. எஞ்சின் தலையைச் சமப்படுத்தி, புதிய காஸ்கற் இட்டு, ரேடியேற்றரை மாற்றப் பன்னிரண்டு நாள் வேண்டும் என்றார். அறுவடைக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது. லீசிங் படிவத்தை மனைவி அலுமாரியில் வைத்தார்; சிறுபோகக் கூட்டம் முடிந்தபின் எடுத்துப் பார்க்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டனர். வண்டி திரும்பி வந்த நாளில், சாரதி ஆசனத்துக்குப் பின்னால் மழைநீர் நிரப்பிய கலன் ஒன்றும், புதிய கொப்பி ஒன்றும் இருந்தன.