ஆறு குண்டுக்கு ஒரு காலைப்பொழுது



இன்று நான் துப்பாக்கி சுட்ட கதையைச் சொல்லப்போகிறேன். முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் நான். அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பாடம் வரும்போதெல்லாம், போர்க்களம் புகையால் மூடியது என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வரியின் பொருள் எனக்கு விளங்கியது 62 வயதில்தான்.

என் மகள் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகருக்கு அருகே குடியிருக்கிறாள். அந்த நகரில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். அதன் தலையில் வெங்காய வடிவத்தில் நீலக் கும்மட்டம், கும்மட்டத்தின் உச்சியில் பொன்னிறக் குதிரைக்குட்டி. கோல்ட் என்றால் ஆங்கிலத்தில் குதிரைக்குட்டி. சாமுவேல் கோல்ட் துப்பாக்கி செய்த இடம் அது. சுழலும் உருளை வைத்த துப்பாக்கிக்கு 1836-இல் அவர் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியபோது அவருக்கு வயது 21. முதலில் தொடங்கிய நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போனது. 1847-இல், மெக்சிகோவோடு நடந்த போருக்காக ஆயிரம் ரிவால்வர் வேண்டும் என்று வந்த ஆர்டர்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது.

மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர். பழைய முறைத் துப்பாக்கிகளில் பற்றுள்ளவர். நான் வரலாற்று வாத்தியார் என்று கேள்விப்பட்டதும், "படித்தது போதும், வந்து சுட்டுப் பாருங்கள்" என்று அழைத்தார். பழைய பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னார். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

சுடுதளத்தில் அவர் எடுத்து வைத்தது கோல்ட்டின் 1851-ஆம் ஆண்டு நேவி மாடல். உள்நாட்டுப் போரில் வடக்கு, தெற்கு இரு தரப்பும் இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி. இவருடையது இத்தாலியில் அச்சு அசலாகச் செய்த மறுபதிப்பு. கையில் வாங்கினால் ஏறக்குறைய 1.2 கிலோ. எட்டுப் பட்டை வைத்த நீண்ட குழல், வால்நட் மரப் பிடி. உருளையைச் சுற்றிப் பாய்மரக் கப்பல்கள் மோதும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். டெக்ஸஸ் கடற்படை 1843-இல் மெக்சிகோவோடு நடத்திய சண்டை அது. உருளையைத் திருப்பத் திருப்ப, கட்டைவிரலுக்கு அடியில் அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்துபோகின்றன.

சினிமாவில் கதாநாயகன் ரிவால்வரில் ரவையைத் திணித்துப் பட்டென்று மூடுவானே, அந்த வேலை இதில் கிடையாது. இது ரவைக்கூடு பரவலாவதற்கு முந்திய காலத்துப் பொருள். மருந்து தனி, குண்டு தனி, பொறி தனி. மூன்றையும் நாம்தான் சேர்க்க வேண்டும்.

முதலில் கண்ணாடியும் காதடைப்பும் மாட்டிக்கொண்டோம். பிறகு குதிரையைப் பாதி இழுத்து வைத்தார். துப்பாக்கியில் பின்னாலிருந்து அடிக்கும் சுத்தியலை நம் பெரியவர்கள் குதிரை என்றுதான் சொன்னார்கள்; எனக்கு அந்தச் சொல்தான் வாய்க்கு வருகிறது. பாதி இழுத்தால் உருளை தாராளமாகச் சுழலும். ஒரு சிறு பித்தளைக் குப்பியில் கருமருந்தை அளந்து ஓர் அறையில் கொட்டினேன். அதன் வாயில் ஈயக் குண்டை வைத்தேன். குண்டு உள்ளே போகவில்லை. அறையைவிடக் குண்டு ஒரு மயிரிழை பெரியது. வேண்டுமென்றே அப்படி வார்க்கிறார்கள். குழலுக்கு அடியில் மடங்கியிருக்கும் நெம்புகோலை இழுத்து அழுத்தினால், அறையின் விளிம்பு குண்டின் ஓரத்தைச் சீவி, மெல்லிய ஈய வளையம் ஒன்றை வெளியே தள்ளுகிறது. வளையம் முழுதாக வந்தால் குண்டு இறுக உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அது இறுகவில்லை என்றால் ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவி, சுடாத குண்டும் சேர்ந்து வெடிக்கலாம். அதற்காகவே குண்டின் மேல் கொழுப்பும் தடவுகிறார்கள்.

கடைசியாக, ஒவ்வோர் அறையின் பின்னாலும் உள்ள காம்பில் சின்னஞ்சிறு செப்புத் தொப்பி. தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைக்கும் கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள், வேலை ஒன்றுதான். குதிரை அதன் மேல் விழுந்தால் பொறி தெறித்து மருந்துக்குள் பாயும். இவ்வளவும் செய்து ஆறு அறைகளை நிரப்ப எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.

குறி பார்க்கும் பள்ளம் குதிரையின் மூக்கிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. குதிரையை முழுக்க இழுத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். இழுத்தேன். மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினேன்.

படீர் என்று காதைக் கிழிக்கும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 'தும்' என்று அடிவயிற்றில் விழும் ஓசை. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடும்போது நெஞ்சுக்கூட்டில் தட்டுமே, அதன் தம்பி. கையை வெடுக்கென்று உதைக்கவில்லை. மெதுவாக மேலே தள்ளியது. அடுத்த கணம் என் எதிரே எதுவுமே இல்லை. இலக்கு இல்லை, மண்மேடு இல்லை, மரங்கள் இல்லை. வெள்ளைச் சுவர் ஒன்றுதான். காற்று அசையாத காலை அது. புகை கலையக் கலையத்தான் உலகம் திரும்பி வந்தது.

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறுவதில்லை. நுண்ணிய திடத்துகளாகவே நின்றுவிடுகிறது. அதுதான் புகை, அதுதான் குழலுக்குள் படியும் கரி. ஒரே ஒரு கைத்துப்பாக்கி, ஒரே ஒரு குண்டு, இவ்வளவு புகை. ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஒரே வெளியில் முழங்கினால் அங்கே நின்ற பையன் எதைப் பார்த்துச் சுட்டிருப்பான்? எதிரே வருவது அண்ணனா எதிரியா என்று எப்படி அறிந்திருப்பான்? அந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். என் மாணவர்களுக்கு இதை நான் சொன்னதே இல்லை.

பிறகு நாற்றம் வந்தது. கந்தகமும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம். கருமருந்தில் சேரும் மூன்றில் கரியும் கந்தகமும் எளிதில் கிடைப்பவை, வெடியுப்புதான் அரிது. 19-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கு வெடியுப்பு பெருமளவில் போனது நம் நாட்டிலிருந்து, பீகாரிலிருந்து. நோனியா என்ற சமூகத்தார் ஊர் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி எடுத்த உப்பு அது. உள்நாட்டுப் போரின்போது, 1861-இல், அமெரிக்க அரசு து பான்ட் மருந்து ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த லாமோட் து பான்ட்டை வெடியுப்பு வாங்க லண்டனுக்கு அனுப்பியது. அந்த நேரம் பார்த்து ட்ரென்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து தெற்குத் தரப்பின் தூதர் இருவரை வடக்கின் கடற்படை பிடித்துக்கொண்டு போக, பிரிட்டன் வெடியுப்பு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. தூதர்களை விடுவித்த பின்புதான் சரக்கு நகர்ந்தது. பீகாரின் வீட்டுத் தரையில் பூத்த உப்பு அமெரிக்கக் களங்களில் புகையாகிப் போயிருக்கிறது. அந்தப் புகைக்குள் நின்றபோது எனக்கு முதலில் நினைவு வந்தது தளபதிகள் அல்ல, அந்த நோனியாக்கள்தான்.

நான்காவது குண்டோடு துப்பாக்கி சிக்கிக்கொண்டது. வெடித்த செப்புத் தொப்பியின் துணுக்கு ஒன்று உள்ளே விழுந்து குதிரையை மறித்துவிட்டது. பெரியவர் சிறு இடுக்கியால் அதை எடுத்தார். குதிரையை இழுக்கும்போது குழலை வானத்தைப் பார்க்க உயர்த்தினால் துணுக்கு வெளியே விழுந்துவிடும் என்று காட்டினார். பழைய படங்களில் வீரர்கள் துப்பாக்கியை உயர்த்தி உயர்த்திச் சுடுவதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இப்படி ஒரு தேவையும் அதற்குள் இருந்திருக்கிறது.

ஆறில் இரண்டுதான் தாளில் பட்டன, அவையும் மேலே ஏறி. மகிழ்ச்சியாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் 1844-இல் டெக்ஸஸில் பதினைந்து பேர் அளவிலான ஒரு ரேஞ்சர் படை, கோல்ட்டின் முதல் ரிவால்வர்களை வைத்துக்கொண்டு, தம்மைவிடப் பல மடங்கு பெரிய கொமான்சிப் பழங்குடிக் குதிரைவீரர் கூட்டத்தை முறியடித்தது. ஒரு குண்டு சுட்டதும் நிறுத்தி மருந்து கெட்டிக்க வேண்டாத ஆயுதம் அந்தக் கொமான்சிகளுக்குப் புதிது. என் கையில் இருந்தது அந்த வகையின் வாரிசு. அதையும் மறக்க முடியவில்லை.

சுட்டதைவிடக் கழுவியது அதிக நேரம். இந்தக் கரி ஈரத்தை இழுக்கும். அன்றைக்கே கழுவாவிட்டால் இரும்பு துருவேறும். துப்பாக்கியை மூன்று துண்டாகப் பிரித்து, கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் போட்டு, தூரிகையால் தேய்த்தோம். தண்ணீர் மை போல் ஆனது. மாற்றினோம், மறுபடி மை. நான்காவது வாளியில்தான் தெளிந்தது. என் சட்டையின் இரு கைகளும் கறுத்திருந்தன.

நான் கைகழுவிவிட்டு வந்தபோது பெரியவர் மேசை மேல் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சீவித் தள்ளிய ஆறு ஈய வளையங்கள். ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினார். அதில் ஏற்கெனவே பாதிவரை வளையங்கள் இருந்தன. டப்பா நிறைந்ததும் உருக்கிப் புதுக்குண்டு வார்ப்பாராம்.