மழையில் சேதுச்சாலை



மதுரைக்காரர்கள் ராமேஸ்வரம் கடலைப் பார்க்க 170 கிலோமீட்டர் போக வேண்டும். பெரும்பாலும் கோடை விடுமுறையில் போய் வெயிலில் வாடித் திரும்புகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். அந்தச் சாலையின் அழகு மழையில்தான் தெரியும்.

நாம் போகும் திசையில்தான் வைகையும் போகிறது. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று கூடவே வந்து, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நிறைகிறது. அதற்கு மேல் மிஞ்சினால்தான் கடலுக்கு. நல்ல மழை பெய்த வருடம் வழியில் கண்மாய்கள் மறுகால் பாயும். கலுங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்தாமல் போக மனம் வராது. மானாமதுரையில் மட்டும் அதே மழை வேறு முகம் காட்டும். வனைந்த பானை காயாது, சூளை மூட்ட முடியாது. கடம் செய்யும் வீடுகளில் அது கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் காலம்.

பயணம் போகிற இடத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது இப்போது பரவி வருகிறது. ஆனால் இந்த வழியில் நம் முன்னோருக்குச் சத்திரங்கள் இருந்தன. சேது யாத்திரை போகிறவர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் கட்டியவை பல. தனுஷ்கோடிக்கு முன்னால் உள்ள முகுந்தராயர் சத்திரம் இன்று ஊர்ப்பெயராகவே நிற்கிறது. என் சிறுவயதில் பாய், மண்ணெண்ணெய் ஸ்டவ், தூக்குவாளி நிறையப் புளியோதரையோடு வேனில் கிளம்புவோம். ஒரு கார்த்திகை இரவு ராமேஸ்வரத்தில் சத்திரத்துத் தாழ்வாரத்தில் பதினொரு பேர் படுத்திருந்தோம். சாரல் அடித்துப் பாய் நனைந்துவிட்டது. அத்தை எழுந்து, காற்றில் அணைந்து அணைந்து போன ஸ்டவ்வை முந்தானையால் மறைத்துப் பற்றவைத்து, எல்லாருக்கும் சுக்குக்காப்பி கொடுத்தார். அந்தச் சூடு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

பாம்பன் சாலைப்பாலம் 1988இல் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல் வந்தது. அதற்கு முன் மணலில் வேன் உறுமிக்கொண்டு போகும். அங்கே இரவு தங்க விடமாட்டார்கள். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அதை யாரும் குறையாகச் சொல்லக் கூடாது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. இடிந்த தேவாலயச் சுவர் இன்றும் அங்கே நிற்கிறது. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 20இல் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தெருக்களும் வீடுகளும் வெள்ளத்தில் நின்றன.

ஆகவே கிளம்பும் நாளில் வானிலைச் செய்தியைக் கேளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், குழந்தைகள் எவ்வளவு அடம்பிடித்தாலும், பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.